நல்ல செய்தி

வார்க்கெத்திலியில் லிஃப்டுக்கும் பசிக்கும்.
இருபது தெத்ரி போட்டால்தான் மேலே ஏறும்.
அதன் வயிற்றைத் திறந்து காசை அள்ளுவது என் பிழைப்பு.
பெயர் மெராப். வயது நாற்பத்தொன்று.
திங்களுக்கு ஏழு கட்டிடம், செவ்வாய்க்கு ஒன்பது.

இரும்பு வடம் வாங்க பதுமிக்கு அனுப்பினார்கள்.
மழை. கடைசி ரயில் போய்விட்டது.
எத்தேரி என்று பெயர் சொன்னாள், இருக்கலாம்.
உறை இருந்தது. கிழியவில்லை.
நானே குழாயடியில் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன்,
ஓட்டல் குளியலறை விளக்கில் தூக்கிப் பிடித்து,
திருவிழாவில் பலூன் விற்பவன் போல.
"பரீட்சை முடிந்ததா?" என்றாள் கதவுக்கு வெளியே.
வந்ததும் ஒரு கமலா ஆரஞ்சை உரித்து
பாதியை நீட்டினாள்.
வாங்கத் தயங்கினேன்.
ஒரு நொடிதான்.
அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் நாக்கு வெளுத்திருந்தது.
ஒன்பதாம் நாள் கழுத்தில் ஒரு கொட்டை,
அது பிறந்ததிலிருந்தே அங்கே இருந்திருக்கலாம்,
யார் தேடினார்கள்?
பன்னிரண்டில் காய்ச்சல்: முப்பத்தாறு புள்ளி ஒன்பது.
தெர்மாமீட்டரை உதறி உதறி
அதற்கே வலித்திருக்கும்.

ஊரே தொட்ட காசு என் விரலிடுக்கில் புரள்கிறது,
இருமியவன், மூக்கைத் துடைத்தவன்,
மீன் வெட்டிய கையோடு ஆறாம் மாடிக்குப் போனவள்.
அதே கையால் ரொட்டி பிய்த்துத் தின்றிருக்கிறேன்
பதினான்கு வருடம்.
பயந்ததில்லை.
மினிபஸ்ஸில் காசுப்பையை மடியில் வைத்தபடி நினைத்துக்கொண்டேன்:
மடியில் கனம்.
மீதியைச் சொல்லவில்லை.

லாமராவுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன்.
எனக்கென்று ஒரு துண்டு, ஒரு நீலக் கிண்ணம்.
ஷேவிங் பிளேடை நாலு தாளில் சுற்றி
வேறு கட்டிடத்துக் குப்பையில் போட்டேன்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் தயாராக இருந்தது,
இடுப்புவலி என்று,
கேட்காததற்கு என்ன சொல்வது?

மருத்துவமனையில் நர்ஸ் சியாலா
என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.
"மறுபடியுமா?
உறை இருந்தது, கிழியவில்லை.
முதல் நாளே சொன்னேன், பயப்பட ஒன்றுமில்லை என்று.
மூன்றாம் வாரம் ரத்தம் கொடுத்தாய், சுத்தம்.
இன்று நாற்பத்தைந்து. இதோடு சரி.
இனி வந்தால் மனதுக்குப் பார்க்கும் டாக்டர் மேல்மாடி,
அங்கே லிஃப்டுக்குக் காசு வேண்டாம்."

ஊசி வெளியே வந்தது. பஞ்சை அழுத்தினாள்.
"அந்தப் பெண்? அவள் பார்த்துக்கொண்டாளா?"

எனக்குப் புரியவில்லை.
எந்தப் பெண் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?
பிறகு புரிந்தது, காது வரை சூடாக.
நாற்பத்தைந்து நாளும் அவளை
ஒரு கிருமியின் விலாசமாக வைத்திருந்தேன்.
பதுமியில் அவளும் கண்ணாடி முன் நாக்கை நீட்டியிருப்பாளோ,
வடம் வாங்க வந்த மனிதன் விட்டுப்போனது
என்னவோ என்று
நாள் எண்ணியிருப்பாளோ.
என் ரத்தம் சுத்தம் என்று
அவளுக்குச் சொல்ல என்னிடம் எண்கூட இல்லை.

மாலை தாள் வந்தது. ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை என்று அரசு முத்திரையோடு.
மெட்ரோ வாசலில் ஒரு கிலோ கமலா ஆரஞ்சு வாங்கினேன்.
கடைக்காரி ருசி பார்க்க ஒரு சுளை நீட்டினாள்.
அவள் கை திரும்புமுன் வாங்கி வாயில் போட்டேன்.
புளித்தது.

வீட்டில் லாமரா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.
தாள் சட்டைப்பையில் நாலாக மடிந்திருந்தது.
வாழ்க்கையிலேயே நல்ல செய்தி,
காட்ட ஆளில்லை.

நீலக் கிண்ணத்தைக் கவிழ்த்து நீர் வடியவிட்டு,
திரும்பாமலே கேட்டாள்:
"இதை மற்றதோடு வைக்கவா,
தனியாகவா?"